திசைமாற்றி

டிபன் கேரியரின் இரண்டாம் அடுக்கில்
பழைய பனியன் துணி சுற்றி
ரயில் இன்ஜின் கொண்டுவந்தார்
ஜங்ஷன் சிக்னல் பிரிவு இருதயசாமி.
மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன்,
என் போர்டில் இருப்பது அவ்வளவுதான்.
'இதுவும் மோட்டார்தானே, ஜரீனா' என்றார்.

ஏற்காட்டில் ஒரு பங்களாவை விற்றபோது
மேஜை நாற்காலிகளோடு ஏலத்துக்கு வந்ததாம்.
கறுப்பு உடம்பு, சிவப்புச் சக்கரம்,
கையில் வைத்தால் கால்படி அரிசிக் கனம்.
அவர் வீட்டுப் பாதைக்கு இரண்டு தண்டவாளம், டிசி.
இது பிறந்த பாதை வேறு, ஏசி;
இரண்டுக்கும் நடுவே புள்ளி புள்ளியாய்
மூன்றாவது ஒன்று ஓடும்.
அதைத் தடவிக்கொண்டே போக
வயிற்றடியில் நீளமாய் ஒரு கரண்டி.

அவசரம். முதல்நாளே
தன் பாதையில் வைத்துப் பார்த்துவிட்டார்.
இந்தச் சக்கரத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும்
இடையில் அச்சு முழுக்க இரும்பு.
வலப்பக்க மின்சாரம்
இடப்பக்கத்துக்கு நேராக நடந்து போய்விட்டது.
டிரான்ஸ்பார்மர் ஒரு கத்து கத்தி அணைந்ததாம்.
'பெரிய ரயிலில் அப்படி ஒட்டினால்தான்
எங்கள் சிக்னல் சிவப்பாகும்,
வண்டி நிற்கிறது என்றே தெரியும்.
இருபத்தாறு வருஷம் அதைத்தானே பார்க்கிறேன்,
எனக்கே தோன்றவில்லை பாருங்கள்.'

திறந்தேன். மிக்ஸிக்குத் தம்பி.
இரண்டு கார்பன், ஆர்மேச்சர், பீல்டு சுருள்.

சக்கரங்களைச் செவ்வாய்ப்பேட்டைக்கு எடுத்துப்போனேன்.
கொலுசுக்குத் திருகு கடைகிற குணசீலன்
ஒரு பக்கத்துச் சக்கரங்களைக் குடைந்து
நடுவில் பிளாஸ்டிக் வளையம் இறக்கினான்,
முத்து உள்ளே போடாமல் மூடிவிட்டதாகச்
சிரித்துக்கொண்டான்.
கரண்டி போனது.
சுருள் இருந்த இடத்தில் காந்தம் வைக்கவேண்டும்.
கஞ்சமலை முழுக்கக் காந்தக்கல் என்பார்கள்,
எனக்கு வேண்டிய வளைவில் ஒன்றுமில்லை.
கோவையிலிருந்து பார்சலில் வந்தது,
முந்நூற்று நாற்பது ரூபாய்.
செம்புக்கம்பி சுற்றிப் பிழைக்கிறவள் நான்.
நல்ல சுருளை வேண்டாமென்று
கழற்றி வைத்தது இதுதான் முதல்முறை.

பிறகு அந்தத் திசைமாற்றி.
சுண்டுவிரல் நகம் அளவு நாக்கு, ஒரு ஸ்பிரிங்.
பழைய முறையில் இன்ஜினுக்குத் திசை
தன் வயிற்றுக்குள் இருந்தது.
ஒரு நொடி வோல்ட்டைத் தூக்கிக் கொடுத்தால்
டக்,
முன் போனது பின் போகும்.
எப்படித் திருப்பி வைத்தாலும்
அதன் முன் அதன் முன்தான்.
இனிமேல் பாதை சொல்லும்.
கிழக்கே என்றால் கிழக்கே.
முகத்தை மாற்றி நிறுத்தினாலும்
முதுகைக் காட்டி நடந்தாவது கிழக்கே.

'எது சார் சரி?'
'இன்ஜினைக் கேட்டு யாரம்மா திசை போடுகிறார்கள்'
என்றபடி பில்லில் ஐம்பதைக் குறைத்தார்.

ஓட்டிப் பார்த்த அன்று மின்தடை,
மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் ஐந்து வரை.
பழைய உடம்பென்றால் காத்திருந்திருக்கும்.
என் ஸ்கூட்டி பேட்டரியிலிருந்து
இரண்டு வயர் இழுத்துத் தொட்டேன்.
வைஸிலிருந்து டீ கிளாஸ் வரைக்கும்
சூரமங்கலத்திலேயே அப்போது ஓடியது
அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டோம்.
ஜங்ஷனில் ஏதோ எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துப்
பொய்யென்றது.

மனசு மாறினால் திரும்ப வைக்கலாமென்று
கரண்டி, சுருள், பழைய அச்சு
எல்லாம் பொட்டலம் கட்டி வாங்கிப் போனார்.

திசைமாற்றி மட்டும் மேஜைக்கடியில் விழுந்திருக்கிறது.
நேற்றுக் கூட்டும்போது கிடைத்தது.
கடையைச் சாத்தியபின்
இருபத்துநான்கு வோல்ட் தொட்டுப் பார்த்தேன்.
டக்.
நகர்வதற்கு எதுவும் இல்லை.
இன்னொரு தடவை.
டக்.
காலையில் போன் செய்து சொல்லிவிடவேண்டும்.
இன்னும் ஒரே ஒரு தடவை.